ஏறி இறங்கி விற்ற சொற்கள்

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கிளம்புவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். கண்டக்டர் படிக்கட்டில் நின்று ஊர்களின் பெயரைக் கூவுவார். உள்ளே பாதி சீட்டில் ஆட்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் ஏறி விற்கிறவர்களின் பிழைப்பு முழுக்க அந்த நேரத்துக்குள்தான். எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கடலை மிட்டாயும் கொய்யாவும் முதலில் ஏறி இறங்கும். பேசி விற்கிறவன் கடைசியில் ஏறுவான். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் முன்வாசல் வழியாக ஏறக் கூடாது.

நான் விற்றது இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் சின்னப் புத்தகம். டவுனில் ஒரு அச்சகத்தில் அடித்தது. ஏறியதும் யாரையும் கேட்காமல் ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டே பின்வாசல் வரை போக வேண்டும். பிறகு திரும்பி நின்று பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் அதே வரிசையில் வந்து புத்தகத்தையோ காசையோ வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். மடியில் கிடக்கும் புத்தகத்தைத் திருப்பித் தருவதற்குள் அந்த ஆள் அதை ஒரு தடவை திறந்துவிட்டால் போதும், பாதி விற்ற மாதிரி.

மற்றவர்கள் எல்லாரும் முப்பதே நாளில் இங்கிலீஷ் என்று கத்தினார்கள். அதை யாரும் நம்பவில்லை. எனக்கே இங்கிலீஷ் பேச வராது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கம் வேறு மாதிரி இருந்தது. விஷயம் தீர்ந்துபோய்த் தாள் மிச்சம் கிடந்ததால் அச்சகக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டு நிரப்பியிருந்தார். இன்ன இங்கிலீஷ் சொல் இன்ன இடத்தில் பிறந்தது என்று துண்டு துண்டாக இருக்கும். ஒரு நாள் பாபநாசம் பஸ்ஸில் விற்பனை படுத்துக் கிடந்தபோது சும்மா அதிலிருந்து ஒன்றைச் சொன்னேன். பஸ் என்பது முழுச் சொல்லே இல்லை. ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லின் வால். வெள்ளைக்காரன் தலையையும் உடம்பையும் வெட்டிப் போட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டான். நாம் இப்போது உட்கார்ந்திருப்பது ஒரு வாலுக்குள்.

பஸ் சிரித்தது. “அதாம் இந்த ஆட்டம் ஆடுது” என்றார் பின்சீட்டில் ஒருவர். அன்று கையிலிருந்த புத்தகம் முக்கால்வாசி போய்விட்டது. அதற்குப் பிறகு என் பேச்சு முழுக்க அந்தக் கடைசி நாலு பக்கம்தான்.

அந்த வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் என் தாய்மாமன் மகள். அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது. என் காலத்தில் மாமா தாலுகா ஆபீசில் கிளார்க். முறை விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள், என் லட்சணத்தைப் பார்த்து அல்ல. கல்யாணமான பிறகு அவளை நான் குடிவைத்த இடங்களைச் சொன்னால் புரியும். பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மேல்தட்டு, அங்கே இரும்புத்தூள் சோற்றில் விழும். வீரவநல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறை. பிறகு என் சிநேகிதனின் அம்மாவோடு கொஞ்ச காலம். இதற்கு நடுவில் நான் கேரளா லாரியில் ஏறிப் போய்விட்டு வந்து நிற்பேன். ஒரு இடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் உள்ளங்கால் அரிக்க ஆரம்பிக்கும்.

வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அவள் அம்மா வந்து வெளியே நின்ற அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

“பிள்ளையத் தூக்கிட்டு வாசல் வாசலா என்னால ஏறி எறங்க முடியாது அத்தான். ஒரு கதவு பாருங்க. சாவி என் இடுப்புல இருக்கணும். பகல்ல நீங்க எங்கன வேணாலும் சுத்துங்க. பொழுது அடைஞ்சா அங்கன வந்து படுக்கணும். அப்படின்னாத்தான் வருவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு மனம் ஒரு பக்கம் இப்படி அடித்துக்கொண்டபோதே இன்னொரு பக்கம் வேறு எங்கேயோ ஓடியது. கதவு தமிழ்ச் சொல். பூட்டு தமிழ்ச் சொல். சாவி கப்பலில் போர்ச்சுகீசியரோடு வந்தது. மேசையும் ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான். கடற்கரையில் வள்ளத்திலிருந்து சரக்கு இறக்கும் வேலை பார்த்தபோது, மாதா கோயில் தெருக்காரர் ஒருவர் இவற்றையெல்லாம் தன் பாட்டன் சொத்து மாதிரிச் சொல்லிக் காட்டியிருந்தார்.

அவள் போன பிறகு எனக்குப் படுக்க பஸ் ஸ்டாண்டே போதும். பகலில் ஏறி இறங்கினேன். அச்சகக்காரரின் நாலு பக்கம் சீக்கிரம் தீர்ந்துபோனது. ஒரே ஆட்கள் தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற பாதையில் ஒரே கதையை எத்தனை தடவை சொல்வது? மத்தியானத்தில் பஸ்ஸெல்லாம் காலியாக ஓடும். அந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று முத்திரை குத்திய தடித்த அகராதிகள் அங்கே இருந்தன. எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து, எந்த வழியாக வந்தது என்று அவற்றில் போட்டிருப்பான். பக்கத்தில் இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் படிப்பேன். ஒரு சொல்லுக்கு ஒரு மத்தியானம் போகும். அங்கே மின்விசிறி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு. நான் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கேதான் டிராவல் என்ற சொல்லைப் பிடித்தேன். பிரயாணம் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர், பாடுபடுவது என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் போனால், மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சித்திரவதைக் கட்டை. ஆளை அதில் கட்டி வைத்து வாட்டுவார்களாம். இதைத் தென்காசி பஸ்ஸில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே சொன்னேன். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக நசுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “இத நாங்க படிச்சாத் தெரியணும்?” என்றாள். அன்றும் நல்ல விற்பனை.

பஸ்ஸில் சொல்வதில் ஒரு லாபம், சில நேரம் பதிலுக்கு நமக்கு ஒன்று கிடைக்கும். விண்டோ என்றால் ஐரோப்பாவின் வடக்கே பேசிய பழைய மொழி ஒன்றில் காற்றின் கண் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவியில் இறங்க வேண்டிய ஒரு தமிழாசிரியர் எழுந்து நின்றுகொண்டே, நம்மிடம் காலதர் என்று ஒரு பழைய சொல் உண்டு, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, அவன் கண் என்றான், நாம் வழி என்றோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். புத்தகம் வாங்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கட்டுமரத்தையும் சுருட்டையும் வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று சொன்னால் பஸ் நிமிர்ந்து உட்காரும். அதோடு கேஷ் என்பதும் நம் காசுதான் என்று சேர்த்துவிட்டிருந்தேன். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. ஒரு பேங்க் ஊழியர் அது தப்பு என்றார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். நம் காசு அங்கே இருந்தது, கீழ்த்திசை நாடுகளின் சில்லறை நாணயம் என்ற பொருளில் தனியாக, சின்ன எழுத்தில். ஆனால் பேங்கில் எண்ணுகிற கேஷ் வேறு. அது பணம் வைக்கும் பெட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் இரண்டு ஊரில் பிறந்து ஒரே மாதிரி முகத்தோடு இருக்கின்றன. மறுநாளிலிருந்து அப்படியே சொன்னேன். விற்பனை குறையவில்லை.

பிறகு பஸ் ஓடாத வாரங்கள் வந்தன. ஜில்லாவில் கலவரம். ஒரு ஊரில் ஒன்று நடந்தால் அடுத்த ஊரில் பஸ் கண்ணாடி உடையும், மறுநாள் அந்தப் பாதையில் பஸ் இருக்காது. சில நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். கர்ஃப்யூ என்ற சொல்லை அப்போது பார்த்தேன். நெருப்பை மூடு என்று பொருள். பழைய பிரெஞ்சு ஊர்களில் சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டு அடுப்பைச் சாம்பல் போட்டு மூடிவிட வேண்டுமாம். இங்கே டீக்கடைகளே திறக்காததால் எனக்கு மூடுவதற்கு நெருப்பு ஒன்றும் இல்லை. அவலும் வெல்லமும் தின்று, ஆற்றில் குளித்து, நூலகம் திறந்திருக்கும் நாளில் அங்கே போய் உட்கார்ந்தேன். எங்கும் போக முடியாமல் ஊரே நின்றுவிட்டது எனக்கு ஒரு வியாதி மாதிரி இருந்தது. வண்ணார்பேட்டைப் பாலத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன், ஒரு வேலையும் இல்லாமல்.

நூலக வாசலில்தான் அந்த ஆள் என்னைப் பிடித்தார். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். என் வயதுதான் இருக்கும். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், ஆனால் முதல் நாள் வருகிற கூட்டத்தைப் பிடித்து உட்கார வைக்கத் தெரியாது. பஸ்ஸில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு பேட்ச் ஆரம்பிக்கும்போதும் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு. அன்றைக்கு நான் பேச வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அவர் பார்த்துக்கொள்வார். மற்ற நாளில் காலேஜ் வாசல்களில் நோட்டீஸ் கொடுப்பது, ஹாலைப் பெருக்குவது, பெஞ்சைத் துடைப்பது. மாதச் சம்பளம்.

“நீரு பேசுதது நல்லாத்தாம் இருக்கு வே” என்றார். “இங்கிலீஷ்ல மட்டும் வாயத் தொறந்துராதீரும். தொறந்தீரு, ரெண்டு பேரு பொழப்பும் போச்சு.”

சம்பளம் என்ற சொல்லை அதுவரை நான் என்னோடு சேர்த்துப் பார்த்ததில்லை. சாலரி என்பது லத்தீனில் உப்போடு சம்பந்தப்பட்டது. நம் சம்பளமும் சம்பா நெல்லும் ‘அளம்’ என்கிற உப்பும் சேர்ந்தது என்று சொல்வார்கள். தூத்துக்குடியில் உப்பு வாரியிருக்கிறேன், காலில் வெடிப்பு இன்னும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் அறுத்திருக்கிறேன். இரண்டுக்கும் வாங்கியது கூலி. அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் கொண்டுபோய் ஆளுக்கே பெயராக வைத்துவிட்டான். அது தமிழ்தான் என்று சிலர், குஜராத்துப் பக்கத்து ஒரு கூட்டத்தாரின் பெயர் என்று சிலர். எப்படியானாலும் வாங்கியது தீர்ந்ததும் அடுத்த ஊருக்குப் போகலாம். சம்பளம் அப்படி இல்லை. அடுத்த மாதமும் அதே இடத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், பல குடித்தனம் சேர்ந்த ஒரு வளவு வீட்டில் ஒற்றை அறை பிடித்தேன். கதவு இருந்தது. பூட்டு வாங்கினேன். சாயங்காலம் உள்ளே இருந்து பழக வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, பொழுது அடையும் முன்பே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். சாத்தியதும் எழுந்து திறப்பேன். வளவில் மற்ற குடித்தனக்காரர்கள் குழாயடியில் தண்ணீர் பிடிப்பதைப் பார்ப்பேன். பூட்டு சரியாக விழுகிறதா என்று வெளியே நின்று பூட்டிப் பார்ப்பேன். பூட்டிவிட்டால் அப்படியே தெருமுனை வரை போய்த்தான் வருவோமே என்று தோன்றும். தெருமுனையில் பஸ் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். வேறு யாரும் இப்படி ஒரு வித்தையைப் பயிற்சி செய்து பழகியிருக்க மாட்டார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் மனைவி அறையைப் பற்றிக் கேட்டாள், ஜன்னல் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். மாமா வாசலில் நின்று, வாத்தியார் வேலையாமே என்றார். ஆமாம் என்பது மாதிரித் தலையை அசைத்தேன். குழந்தைக்குக் கொஞ்சம் மாதம் ஏறட்டும் என்றார்கள். தாயையும் பிள்ளையையும் அனுப்புவதற்கு முன் பெண் வீட்டில் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போவது எங்களில் வழக்கம். மாமா வருவார் என்று தெரியும். எப்போது என்றுதான் தெரியாது.

அவர் வந்தது ஒரு இலவச வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அறைக்குப் போயிருக்கிறார், பூட்டியிருந்தது. வளவில் கேட்டு மாடிக்கு ஏறி வந்துவிட்டார். வகுப்புக்கு எல்லா வயதுக்காரர்களும் வருவதால் வாசலில் நின்ற பையன் அவரையும் படிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். வெள்ளை வேட்டியும் திருநீறும் மடியில் ஒரு மஞ்சள் பையுமாக அவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தபோது பாதி வகுப்பு நடந்துவிட்டது.

அன்றைக்கு நான் எடுத்திருந்த சொல் ஹஸ்பண்ட். வேண்டுமென்று எடுக்கவில்லை. அந்த வாரம் அகராதியில் அகப்பட்டது அதுதான். புருஷன் என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது. முதலில் அது வீட்டில் குடியிருப்பவன். வடக்கே பனி நாட்டுக்காரர்களின் பேச்சிலிருந்து இங்கிலீஷில் நுழைந்தது. வீடு என்று ஒரு துண்டு, வசிக்கிறவன் என்று ஒரு துண்டு. கல்யாணம் ஆனவனா ஆகாதவனா என்று கூட அந்தச் சொல் கேட்கவில்லை, வீட்டில் இருக்கிறானா என்று மட்டும் கேட்டது. இதைச் சொல்லிக்கொண்டே பெஞ்சு வரிசையைப் பார்த்தவன், கடைசியில் மாமாவின் கண்ணில் போய் நின்றேன். அவர் நோட்டீஸை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக வேண்டும், அதற்கு நேர்முகம் இருக்கிறது என்று வந்திருந்தவள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

“சார், இதெல்லாம் நல்லா இருக்கு. இதையே கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுங்க சார். தமிழ்ல கேக்க நாங்க எதுக்கு இங்கன வரணும்?”

நியாயமான கேள்வி. அண்ணாச்சி ஹாலில் இல்லை, கீழே ஜெராக்ஸ் கடையில் இருந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், பஸ்ஸாக இருந்தால் அந்நேரம் பஸ் கிளம்பியிருக்கும். இங்கே எதுவும் கிளம்பவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, சொற்களின் பிறப்பு மட்டும்தான் தெரியும், பேச்சு நாளையிலிருந்து அண்ணாச்சி சொல்லித் தருவார் என்று சொன்னேன். பிறகு நடுவிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வகுப்பு கலைந்ததும் மாமாவை அறைக்குக் கூட்டிப் போனேன். அறைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். வாசல் எந்தத் திசை என்று பார்த்தார். வளவுக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை பிடித்துக் குடித்தும் பார்த்தார்.

“ஏலே, இங்கிலீஷ் தெரியாம எந்த எளவுக்குல ஒனக்குச் சம்பளம் தாரான்?”

கதை சொல்வதற்கு என்றேன்.

“கதைக்கு எம்புட்டு நாள் தருவான்?”

மஞ்சள் பையிலிருந்து அப்பளக் கட்டு ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “வெள்ளைக்காரன் புருசன்னா வீட்ல இருக்கவம்னு வச்சிருக்கான், சரிதாம். நம்மள்ள இல்லாள்னா பொண்டாட்டி. ஆம்பளைய ‘இல்லான்’னு சொன்னா ஒண்ணும் இல்லாதவன். ஒன்னைய மனசுல வச்சிட்டுத்தாம் சொல்லிருக்கான் போல. கண்டத அப்படியே அவகிட்ட சொல்லிருவேன், கேட்டியா? பொறவு அவ பாடு.”

கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். இன்னைக்கு ஏறலையா என்று என்னைக் கேட்டார். ஏறவில்லை.

அந்தப் பேட்சில் கொஞ்சம் பேர்தான் சேர்ந்தார்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை. என்னைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். சில இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்து மனப்பாடம் பண்ணச் சொன்னார். பெருக்கும்போதும் துடைக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்த ஆள். எவன் எந்த நாட்டிலிருந்து எப்படி வந்தான் என்று சொல்வேன். எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து நடக்கச் சொன்னால் ஒருத்தனும் கேட்கமாட்டான். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். “நீரு சொன்னா இங்கிலீஷே பேட்டை பஸ்ல வந்து எறங்குன மாதிரில்லா இருக்கு” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். மாதம் முடிந்ததும் கணக்கைத் தீர்த்துத் தந்து, புது பேட்ச் வரும்போது மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். அதற்குச் சம்பளம் கிடையாது, அன்றைய கூலிதான்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மாமா வந்து போனதிலிருந்து கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இனி வராது என்றுதான் நினைத்தேன். கால் அரித்தது. கேரள லாரிகள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக் கட்டவும் கட்டினேன். கட்டிவிட்டு, சொல்லாமல் போவதைவிடச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். விற்க ஆரம்பித்த பிறகு அந்தப் பாதையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. பேட்டை தாண்டும்வரை யாராவது ஏறிப் பேசமாட்டார்களா என்று இருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் அவர்கள் தெரு முழுக்க அப்பளம் காய்ந்தது. என் மனைவி உள்ளே குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஆபீஸ் போயிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன், சம்பளம் போய்விட்டது என்று. அவள் குழந்தையின் காலை நீவிக்கொண்டே, கதவு இருக்கா என்று கேட்டாள்.

இருக்கு என்றேன். இந்த மாத வாடகை கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாதத்துக்கு வழி பார்க்க வேண்டும் என்றேன்.

“நான் கதவுதான கேட்டேன்” என்றாள். “உத்தியோகம் நானா கேட்டேன்? அதெல்லாம் அப்பா கேட்டது. இங்கன அண்ணனுக்கும் புள்ள வரப்போவுது, மதினி மாசமா இருக்கா. எடங் கெடையாது.”

மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். வகுப்பில் நடந்ததை எல்லாம் சொல்லியிருப்பார், அதை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. பாளையங்கோட்டையில் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, ருசியாக இருக்கிறது, ஜன்னலில் காற்று வருகிறது என்று சொன்னார், அவ்வளவுதான் என்றாள்.

நல்ல நாள் பார்த்து அவளும் குழந்தையும் வந்தார்கள், அப்பளம் உருட்டி விற்கப் பலகையும் மாவு இடிக்கும் உலக்கையும் கூடவே. மாமா சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார். சாவியை அவளிடம் கொடுத்தேன், இடுப்பில் செருகிக்கொண்டாள். பழையபடி பஸ்ஸில் ஏறப்போகிறேன் என்றதும் ஒவ்வொரு பாதையாகக் கேட்டாள். பாபநாசம் போகலாம். தென்காசி போகலாம். திருச்செந்தூர் போகலாம், ஆனால் கடைசி பஸ்ஸை நம்பக் கூடாது. நாகர்கோவில் யோசிக்க வேண்டும். மதுரை கூடாது.

“மருதைக்குப் போனா நீங்க அங்கன இருந்து வேற எங்கயாவது போயிருவிய” என்றாள். பாதையைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒப்புக்கொண்டேன். பல மாதம் அப்படியே நடந்தது. ஏதாவது ஒரு வாலைப் பிடித்துப் போய், பொழுது அடையும் முன் திரும்பிவிடுவேன். எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஜங்ஷனில் மதுரை பஸ்கள் நிற்கும் பக்கம் பார்க்காமல் நடக்க முயன்றிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு பஸ் நிறைந்து நின்றது. காலேஜ் லீவு விட்ட கூட்டம், எல்லாம் படித்த பிள்ளைகள், இப்படி ஒரு கூட்டம் மாதத்துக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிது. டிரைவர் சீட் காலி. கிளம்புவதற்குள் இறங்கிவிடலாம் என்று ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டே போய் பின்வாசலில் திரும்பி நின்று, டிராவலை எடுத்தேன். நன்றாகப் போனது. பின்னாலிருந்து இரண்டு பேர் இன்னொன்று சொல்லச் சொன்னார்கள். டிரைவர் ஏறியதையும் பஸ் நகர்ந்ததையும் பார்த்தேன், பார்க்காதது மாதிரி இன்னொன்று சொன்னேன். ஸ்டாண்டைத் தாண்டியது. காற்று உள்ளே அடித்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, மருதைதானா என்று டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

தச்சநல்லூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் மெதுவானதும் குதித்துவிட்டேன். பின்வரிசைப் புத்தகங்களைத்தான் அதற்குள் வாங்க முடிந்தது. முன்னால் வைத்ததெல்லாம் மடியோடு மதுரைக்குப் போய்விட்டது; மறுபடி ஏறினால் இறங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, காசா புத்தகமா தெரியவில்லை, எதையோ காட்டினாள். கேட் திறந்து பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வெயிலில் ஜங்ஷன் பக்கம் நடந்தேன். பொழுது அடைய இன்னும் நேரம் இருந்தது.